'கொள்' என்னும் வினை: மைசூர் மண்ணில் ஒரு சொல்லின் வரலாறு

மைசூரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், காவிரி வளைந்து செல்லும் கரையில், மணல் மேடுகளுக்கிடையே அமைந்துள்ள ஊர் தலைக்காடு. கங்க மன்னர்களின் தலைநகராக விளங்கிய அவ்வூர், பின்னர்ச் சோழர் கைக்கு மாறிற்று. அதன் பின்னர்ப் போசளர் வசமாயிற்று. மணலை அகற்றி வெளிக்கொணர்ந்த கோயில்களைக் கண்டு வணங்கி, ஆற்றில் நீராடி, கட்டுச்சோறு உண்டு மாலையில் திரும்புவது மைசூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழகிப்போன வழக்கம்.

அவ்வாறு நாம் சென்றிருந்த ஒரு விடுமுறை நாளில், கீர்த்திநாராயணர் கோயிலின் முன் நின்று ஒருவர் அவ்வூர் வரலாற்றைக் கன்னடத்தில் எடுத்துரைத்தார். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் சோழரை வென்று இவ்வூரைப் பெற்றான் என்றும், அதனால் 'தலகாடுகொண்ட' என்னும் பட்டம் புனைந்தான் என்றும் அவர் சொன்னார். நம்முடன் வந்திருந்த பேத்தி பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் பயில்பவள். சட்டென்று திரும்பி, "தாத்தா, கங்கைகொண்ட சோழன் என்கிறோமே, அந்தக் 'கொண்ட'தானா இது?" என்றாள். ஆம் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தவள், "அங்கே கொண்டது நாம், இங்கே கொண்டது அவர்கள். பிறந்ததிலிருந்து நாம் இருப்பதோ இங்கே. அப்படியானால் நாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அன்று அவளுக்கு விடை கூற இயலவில்லை. அவ்வினாவை மனத்தில் கொண்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். அவள் கேட்டது அரசர்களைப் பற்றியது. நாம் தேடப்போவது அவள் சுட்டிய வினைச்சொல்லை.

ஆங்கிலத்தில் ஒரு சான்று

ஒரு சிறு வினைச்சொல் எத்துணைப் பொருள்களைச் சுமக்க வல்லது என்பதற்கு ஆங்கிலத்தில் 'டேக்' என்னும் சொல்லை எடுத்துக்காட்டலாம். மேசையிலுள்ள நூலை எடுத்தலும் 'டேக்'. மருந்து உட்கொள்ளுதலும் 'டேக்'. தேர்வு எழுதுவதற்கும், பேருந்தில் செல்வதற்கும், நிழற்படம் பிடிப்பதற்கும், ஒரு வேலைக்கு இத்துணை நேரம் ஆகும் என்பதற்கும், பகைவர் நகரைக் கைப்பற்றுவதற்கும் அதே சொல்தான். அதனோடு ஒரு சிறு துணைச்சொல்லைச் சேர்த்துவிட்டால் பொருள் வேறெங்கோ சென்றுவிடும். 'ஆஃப்' சேர்ந்தால் வானூர்தி தரையை விட்டு எழும். 'ஓவர்' சேர்ந்தால் பொறுப்புக் கைமாறும். 'ஆஃப்டர்' சேர்ந்தால் பிள்ளை தந்தையைப் போலிருக்கும். தமிழ்வழி பயின்று பின்னர் ஆங்கிலம் பேசப் புகுந்த நம் தலைமுறையினர் இடறி விழுந்த இடங்களுள் இஃது ஒன்று.

இத்துணை வேரூன்றிய அச்சொல் ஆங்கிலேயரின் பழஞ்சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு 'நிமன்' என்னும் வினையே வழங்கிற்று. செருமானிய மொழியில் இன்றும் வழங்கும் 'நேமன்' அதன் உறவு. கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் கரையூர்களைக் கொள்ளையிட்டு, பின்னர் அங்கேயே குடியமர்ந்து உழுது வாழத் தொடங்கிய வடநாட்டாரின் மொழியிலிருந்து வந்தது 'டேக்'. அவ்வினத்தவனான கனூட் என்னும் தேனிய மன்னன் 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்டான். நம் இராசேந்திர சோழன் கங்கை வரை படை செலுத்திய காலமும் அதுவே. 'நிமன்' மெல்ல வழக்கிழந்தது. மரத்துப்போன கைகால்களைக் குறிக்கும் 'நம்' என்னும் ஆங்கிலச் சொல்லில் அதன் எச்சம் மட்டும் உள்ளது. உணர்வு 'எடுத்துக்கொள்ளப்பட்டது' என்பது அதன் பழம்பொருள்.

பறிக்க வந்தவரின் 'பறித்தல்' என்னும் சொல்லே, பறிகொடுத்தவரின் அன்றாட வீட்டுச் சொல்லாகிவிட்டது. நம் தென்னகத்திலோ அவ்வாறு ஒரு மொழி மற்றொன்றிடம் கடன் பெறத் தேவையே எழவில்லை. இருசாராருக்கும் சொல் முன்பே ஒன்றாக இருந்தது.

ஒரு வேர், பல கிளைகள்

தமிழில் 'கொள்' என்னும் வினையின் பரப்பைச் சற்று நோக்குவோம். கடையில் பொருளை விலைகொள்கிறோம். குடம் நீர் கொள்கிறது. எவ்வளவு கொள்ளும் என்பதே கொள்ளளவு. ஒருவன் சினம் கொள்கிறான். மற்றொருவன் அச்சம் கொள்கிறான். பயிர் கதிர் கொள்ளும். மேகம் சூல் கொள்ளும். மணம் முடித்தலைப் பெண் கொள்ளுதல் என்றனர். மனைவிக்குக் கணவன் 'கொண்டவன்' ஆனான். சம்பந்தி உறவு முழுவதையும் 'கொள்வினை கொடுப்பினை' என்னும் இரு சொற்களில் அடக்கிவிட்டனர். பிறர் பொருளை வலிந்து கொண்டால் அது கொள்ளை. ஒரு கருத்தை உறுதியாகக் கொண்டால் அது கொள்கை. இவ்விரண்டும் ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்புகள் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. குறிக்கோள், மேற்கோள், வேண்டுகோள் ஆகியவற்றில் வரும் 'கோள்' என்பதும் இவ்வினை நீண்டு பெயரான வடிவமே.

கொடுத்தலுக்குத் தொல்காப்பியர் மூன்று சொற்களை வகுத்துக் காட்டுகிறார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது 'ஈ' என்பான். ஒத்தவனிடம் 'தா' என்பான். உயர்ந்தவன் தன்னினும் தாழ்ந்தவனிடம் கேட்டால் 'கொடு' என்பான். கேட்போன் நிலை அறிந்து சொல் வேறுபடும். 'கொள்' என்னும் வினைக்கு இத்தகைய வரையறை இல்லை. நாட்டைக் கொண்ட வேந்தனும், ஆநிரை கொண்ட மறவனும், பாடம் கொண்ட மாணவனும், நெல் கொண்ட குடியானவனும் ஒரே வினைக்கு எழுவாய் ஆகின்றனர்.

இதனினும் வியப்புக்குரியது, இவ்வினை துணைவினையாக நிற்கும்போது செய்யும் வேலை. 'சொன்னான்' என்பது வேறு. 'சொல்லிக்கொண்டான்' என்பது வேறு. 'கற்றான்' என்பதைவிடக் 'கற்றுக்கொண்டான்' என்பதில் கற்றது அவனுடையதாயிற்று என்னும் குறிப்பு மிகுந்துள்ளது. செயலின் பயன் செய்தவனையே வந்து சேர்வதை இத்துணைவினை உணர்த்துகிறது. 'பேசிக்கொண்டிருந்தான்' என்னும்போது செயலின் தொடர்ச்சியையும், 'அடித்துக்கொண்டார்கள்' என்னும்போது இருவர் தம்முள் செய்ததையும் உணர்த்தும். பொருளைக் கைக்குள் வாங்கும் வினை, நாளடைவில் எல்லாச் செயல்களையும் தன்னுள் வாங்கத் தொடங்கிவிட்டது.

கன்னடத்திலும் இவை அனைத்தும் நிகழ்ந்துள்ளன. 'கொள்ளு' என்பது அங்கே இவ்வினையின் வடிவம். நாம் கற்றுக்கொள் என்பதை அவர்கள் 'கலிதுகோ' என்பர். ஒப்புக்கொள் என்பதை 'ஒப்பிகோ' என்பர். எடுத்துக்கொள் என்பதை 'தெகெதுகோ' என்பர். கொடுக்கல் வாங்கலைக் குறிக்க 'கொடுகொள்ளு' என்றே கூறுவர். நாம் விழாவைக் கொண்டாடுகிறோம். அவர்கள் நல்லோரைக் 'கொண்டாடு'வர், அஃதாவது புகழ்வர். நம் பழந்தமிழிலும் கொண்டாடுதல் என்பதற்குப் பாராட்டுதல் என்னும் பொருள் உண்டு. பர்ரோவும் எமனோவும் 1961-ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு முதலிய மொழிகளின் வடிவங்கள் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தெலுங்கர் 'கொனு' என்பர். அவர்களிடம் விலைக்கு வாங்கும் பொருளே அதில் மேலோங்கி நிற்கிறது.

கல்லில் எழுதிய 'கொண்ட'

இனி வரலாற்றுக்கு வருவோம். இவ்வினையை முதலில் கல்லில் ஏற்றியோர் பெருவேந்தர்கள் மட்டும் அல்லர். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த பழைய நடுகற்கள் வட்டெழுத்தில் அமைந்தவை. மாட்டு மந்தையை அவை 'தொறு' என்கின்றன. பகைவர் தொறுக் கொண்ட நாளில் அதனை மீட்கப் போராடி மாண்ட வீரனின் பெயரை அவை தாங்கி நிற்கின்றன. மந்தை கவர்தலுக்குத் தொல்காப்பியர் இட்ட பெயர் 'ஆகோள்'. கன்னட நாட்டு வீரக்கற்களிலும் இதே செய்தி 'துறுகொள்' என்னும் வழக்கால் குறிக்கப்படும். தொறுவும் துறுவும் ஒன்றே. கொண்டோர் இருபுறத்தும் இருந்தனர். மீட்டு மாண்டோரும் இருபுறத்தும் இருந்தனர்.

பின்னர் வேந்தர்கள் இச்சொல்லைப் பட்டமாகச் சூடினர். முதற் பராந்தக சோழன் 'மதிரை கொண்ட' கோப்பரகேசரி ஆனான். பாண்டியன் ஒருவன் 'சோழன் தலை கொண்ட' என்று தன்னை அழைத்துக்கொண்டான். அதற்கு மறுமொழி போல ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலை கொண்ட' ஆனான். தலை கொண்டது என்பது வெட்டியதா, வணங்கச் செய்ததா என்று அறிஞர்கள் வழக்காடியதுண்டு. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கன்னட நாட்டிலிருந்து படையெடுத்து வந்து, தொண்டை மண்டலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் என்று தன்னைத் தமிழிலேயே பொறிப்பித்தான். வென்றவன் மொழி எதுவாயினும் வினை மாறவில்லை.

முதலாம் இராசராசன் காலத்தில் கங்கபாடி சோழர்க்கு வயமாயிற்று. ஏறத்தாழ 1004-ஆம் ஆண்டில் தலைக்காடு வீழ்ந்தது. அதற்கு இராசராசபுரம் என்று பெயரிட்டனர். கங்கபாடி முழுவதும் 'முடிகொண்ட சோழ மண்டலம்' ஆயிற்று. நாம் இன்று குடியிருக்கும் இந்த மைசூர்ப் பகுதியின் பெயரிலேயே ஒரு காலத்தில் நம் வினைச்சொல் அமர்ந்திருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். இராசேந்திரன் கங்கைகொண்டான் ஆனபோது அவன் படை கொண்டுவந்தது கங்கையின் நீர். அந்நீரைச் சோழகங்கம் என்னும் ஏரியில் சேர்த்ததை நீராலாகிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. கொள்ளுதல் அங்கே கொணர்தலாக விரிகிறது.

நூறாண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலம் கழிந்தது. 1116-ஆம் ஆண்டளவில் போசள விஷ்ணுவர்த்தனன், சோழர் சார்பில் அங்கு ஆண்ட அதியமானை வென்று தலைக்காட்டைக் கைப்பற்றினான். 'தலகாடுகொண்ட' என்னும் பட்டத்தைக் கன்னட எழுத்தில் தன் பொற்காசுகளிலும் பொறித்தான். நம் பேத்தி கேட்ட சொல் இதுவே. அவனுடைய கொடிவழியில் வந்த இரண்டாம் நரசிம்மனோ வேறொன்று செய்தான். 1231-ஆம் ஆண்டில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராச சோழனைச் சிறைப்பிடித்தபோது, படை அனுப்பி மீட்டவன் அந்தப் போசளனே. திருவயிந்திரபுரத்துத் தமிழ்க் கல்வெட்டு அதனை விரிவாகச் சொல்கிறது. சோழ அரசை மீண்டும் நிலைநிறுத்திய ஆசான் என்னும் பட்டமும் அவனுக்கு வழங்கிற்று. போசளர் பின்னர்த் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் தங்கித் தமிழிலேயே ஆணைகளைப் பொறித்தனர். சோழரிடமிருந்து தலைக்காட்டைக் கொண்ட குடியே சோழனைக் காத்ததும் ஆகும்.

கேட்டுப் பெற்ற நாய்

போர்ச் செய்திகளின் ஓரத்தில் சில வேளைகளில் வேறொரு வகைக் 'கொள்ளுதல்' காணப்படும். மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள கன்னடக் கல்வெட்டு ஒன்று 949-ஆம் ஆண்டுத் தக்கோலப் போரைச் சொல்வது. அப்போரில்தான் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். கங்க மன்னன் பூதுகன் இராட்டிரகூடர் பக்கம் நின்று அவனைக் கொன்றான். போரில் ஆற்றல் காட்டிய மணலேரன் என்னும் வீரனை மெச்சி, வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுமாறு பூதுகன் கூறினான். ஊரும் பொன்னும் கேட்டிருக்கக்கூடிய அவ்வீரன், அரசனிடமிருந்த காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான். பின்னர் ஒரு காட்டுப்பன்றியோடு போரிட்டு, பன்றியும் நாயும் ஒருசேர மாண்டன. அந்த நாய்க்காகக் கல் நட்டு, நிலமும் விட்டு, நாள்தோறும் வழிபாடு நடத்தவும் ஏற்பாடு செய்தனர். தக்கோலப் போர் வெற்றியைக் கூறும் அதே கல்லில், ஒரு நாயைக் கேட்டுப் பெற்றவனின் அன்பும் பதிந்துள்ளது.

விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் கங்கராசனும் இத்தகையவனே. அரசன் மகிழ்ந்து வேண்டுவதைக் கேட்கச் சொன்னபோது ஊரொன்றைக் கேட்டுப் பெற்று, அதனைச் சமண அறத்துக்கே கொடுத்துவிட்டான் எனச் சிரவணபெளகொளாக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கொள்வதற்கு வாய்ப்பு வந்தபோது, கொடுப்பதற்காகக் கொண்டவன் அவன். அவ்வூரின் கோமதீசுவரர் திருவடியருகே, சாமுண்டராயன் அவ்வுருவைச் செய்வித்தான் என்னும் செய்தி கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இரு மொழிகளும் ஒரு கல்லின்மேல் அமைதியாக இருந்து வருகின்றன.

கொள்வோன்

வேந்தர் அறிந்த 'கொண்ட' இவ்வாறிருக்க, புலவர் அறிந்த 'கொள்' ஒன்று உண்டு. அதற்கும் கங்க நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது நமக்குப் பெருமை தருவது. நாம் பள்ளியில் பயின்ற நன்னூலை இயற்றியவர் சமண முனிவர் பவணந்தி. அவரை நூல் செய்யுமாறு வேண்டியவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். மூன்றாம் குலோத்துங்க சோழனுக்கு (1178–1218) அடங்கியிருந்த அவன், கங்கர் குலத்தில் தோன்றியவன். கோலாரைக் குறிக்கும் குவளாலபுரத்தின் தலைவன் என்னும் குலப்பட்டத்தைத் தாங்கியவன். தலைக்காட்டை இழந்து, சோழர்க்குக் கீழ்ப்பட்டு வாழ்ந்த குலத்தின் ஒருவனே, வென்றவர் மொழிக்கு எண்ணூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கும் இலக்கணத்தை ஆக்குவித்தான்.

அந்நூலில் மாணவனுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'கொள்வோன்' என்பது. ஆசிரியன் கொடுப்போன், மாணவன் கொள்வோன். கொள்வோனின் இயல்பறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு கற்பித்தலே பாடம் சொல்லும் முறை என்பது பவணந்தியார் கருத்து. செய்யுளுக்குப் பொருள் காணும் முறைகளையும் அவர் 'பொருள்கோள்' என்றே பெயரிட்டு எட்டாக வகுத்தார். அவற்றுள் முதலாவது ஆற்றுநீர்ப் பொருள்கோள். மேலிருந்து கீழாகத் தடையின்றிச் செல்வது. மற்றொன்று கொண்டுகூட்டு, பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களைத் தேடிக் கொண்டுவந்து இணைத்துப் பொருள் காண்பது. அயல்மண்ணில் தமிழ் வளர்ப்போர் நாள்தோறும் செய்வது இக்கொண்டுகூட்டே அன்றோ?

மைசூரில் தங்கிய மைப்படிகள்

இக்கல்வெட்டுகளை நாம் அறிய நேர்ந்ததும் மைசூரின் கொடையே. பெங்களூரில் பிறந்த பெஞ்சமின் லூயி ரைஸ் என்னும் அறிஞர், மைசூர் அரசின் தொல்லியல் துறைத் தலைவராக இருந்து, 'எபிகிராபியா கர்நாடிகா' என்னும் வரிசையில் 8,000-க்கு மேற்பட்ட கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். அவற்றுள் மைசூர், கோலார்ப் பகுதிகளிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளும் அடங்கும். மைசூர்க் கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஏட்டிலிருந்தே சாமசாத்திரியார் கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தைக் கண்டெடுத்து, 1909-இல் அச்சேற்றினார்.

1966-ஆம் ஆண்டில் மைய அரசின் கல்வெட்டியல் அலுவலகம் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தது. கல்லின்மேல் நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் படிகளை மைப்படிகள் என்பர். தமிழகத்துக் கோயில்களில் பல்லாண்டுகள் எடுத்த அத்தகைய படிகள் பெருந்தொகையாக இங்குப் பாதுகாக்கப்பட்டன. அவை தமிழகத்தில் இருத்தலே முறை என்று வழக்குத் தொடரப்பட்டு, 2021-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. அதன் பின்னர் அவை அங்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆராய்ச்சியாளர்க்கு அது நன்மையே. எனினும், 'மதிரை கொண்ட' என்னும் மையெழுத்து அரை நூற்றாண்டுக்கு மேல் மைசூரில் காத்து வைக்கப்பட்டிருந்தது என்பதை நாமேனும் மறவாதிருத்தல் வேண்டும்.

சேர்த்துக்கொண்டவர்

வேந்தர்க்குப் பின்னும் தமிழர் இம்மண்ணுக்கு வந்தவண்ணம் இருந்தனர். அவர்கள் வாளேந்தி வரவில்லை. இராமானுசர் சோழ நாட்டை விட்டு வந்து மேலுக்கோட்டையில் பல்லாண்டு தங்கினார் என்றும், அவரை ஆதரித்தவன் தலைக்காடு கொண்ட விஷ்ணுவர்த்தனனே என்றும் வைணவ மரபு கூறும். அம்மரபினரான மண்டயம், ஹெப்பார் ஐயங்கார்க் குடும்பங்களில் கன்னடம் கலந்த தமிழ் தலைமுறை தலைமுறையாக வீட்டுமொழியாக வழங்குகிறது. வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்பட்டு 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்றார். மைசூரில் பிறந்த ஏ. கே. இராமானுசன் (1929–1993) வீட்டின் கீழ்த்தளத்தில் தாயிடம் தமிழும், தெருவில் தோழரிடம் கன்னடமும், மாடியறையில் தந்தையிடம் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்தவர். 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் உலகறியச் செய்தவர் அவரே. கோலார்த் தங்கவயலுக்கு வடார்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்றோர் நிலத்தின் ஆழத்தில் இறங்கி உழைத்தனர். பொன்னைக் கொண்டோர் வேறு. நோய் கொண்டோர் அவர்கள். 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டபோதும் பலர் ஊரை விட்டு அகலவில்லை.

நம் வாழ்நாளில் இவ்வினை கூர்மையாகக் குத்திய காலமும் ஒன்று உண்டு. 1991-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், காவிரி நீரை யார் எவ்வளவு கொள்வது என்னும் வழக்கு தெருவுக்கு வந்தது. பெங்களூரிலும் தென் கருநாடகத்திலும் தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி நடுங்கின. வீட்டையும் கடையையும் இழந்தோர் பலர். எம் தெருவிலும் ஒரு மாலை இரைச்சல் கேட்டது. யாம் செய்வதறியாது நின்றபோது, கடைசி வீட்டுக் கன்னட அம்மையார் பின்வாசல் வழியே வந்து, மூன்று குடும்பங்களின் பெண்டிரையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றார். இரண்டு இரவுகள் அவர் வீட்டில் கழிந்தன. களியும் கீரைச்சாறும் உண்டோம். வாயிலில் நின்று எவரோ வினவியபோது, "நம்மவரு, சேரிசிகொண்டித்தீனி" என்று அவர் சொன்ன குரல் இன்றும் செவியில் உள்ளது. நம்மவர், சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அதன் பொருள். அன்று அச்சத்தில் அச்சொல்லைப் பொருட்படுத்தவில்லை. தலைக்காட்டில் பேத்தி வினவிய பின்னரே, அரசர் பட்டத்தில் இருந்ததும் அந்த அம்மையார் வாயில் இருந்ததும் ஒரே வினை என்பது விளங்கிற்று.

பேத்திக்கு விடை

ஆதலின் நாம் அவளுக்குக் கூறும் விடை இது. குழந்தாய், கங்கைகொண்டவனும் தலைக்காடு கொண்டவனும் சொன்ன சொல்லைக் குடியானவனும் வணிகனும் மாணவனும் அவர்களுக்கு முன்பே சொல்லி வந்தனர். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரின் வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அதே ஆற்றின் மேற்கரையில் வாழும் நமக்கு அவ்வணிகர் பக்கமே பக்கம். கற்றுக்கொள்வதும் ஒத்துக்கொள்வதும் சேர்த்துக்கொள்வதும் இரு மொழியிலும் ஒரே வினையால் ஆவன. கன்னடத்தை நன்கு கற்றுக்கொள். அதனால் தமிழ் குறைந்துவிடாது. ஆனால் தமிழை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள்ளாது விட்டால், தலைக்காட்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் முன் நீ மற்றவர் சொல்வதைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். நம் அச்சமெல்லாம் அது ஒன்றே.

அவள் இப்போது ஒரு குறிப்பேட்டில் இருபத்தி அமைத்து, ஒருபுறம் தமிழிலும் மறுபுறம் கன்னடத்திலும் இவ்வினை வரும் தொடர்களை எழுதி வருகிறாள். கன்னடப் பத்தி விரைந்து நிரம்புகிறது. பள்ளியும் தெருவும் அவளுக்கு உதவுகின்றன. தமிழ்ப் பத்தியில் பல வரிகள் வெறுமையாக உள்ளன. அவற்றை நிரப்பும் சொற்கள் நம் இல்லங்களில், பாட்டிமார் வாயில், அடுப்பங்கரைப் பேச்சில் உள்ளன. இம்மலரைப் படிக்கும் ஒவ்வோர் இல்லத்தாரும் இன்றிரவு உணவுக்குப் பின் தம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அத்தகைய சொற்களில் பத்தினையேனும் அவர்கள் கையாலேயே தமிழில் எழுதிக்கொள்ளச் செய்வார்களாக.